செவ்வாய் ஒரு கட்டம் தள்ளி

ஆர்த்திக்கு எட்டில் செவ்வாய் என்ற செய்தி அழகுத்தாய் வீட்டிலிருந்து கிளம்பி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு சுற்று சுற்றி, மூணாறு பஜாரில் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெண்ணின் வாய்வழியாக ஆர்த்தியிடமே வந்து சேர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு இவள்தான் அந்த ஆர்த்தி என்று தெரியாது. "படிச்ச பிள்ளையாம், பாவம். எட்டுல செவ்வான்னா கட்டுனவன் தேறுவானா?" என்று சொல்லிவிட்டு, ரேஷன் கார்டு நகல் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஆர்த்தி ஜெராக்ஸ் மெஷினின் மூடியை அடித்துச் சாத்தினாள்.

"மெதுவா, பிள்ள. அது என்ன செஞ்சுது ஒன்ன?" என்றார் கடைக்காரர் பொன்ராஜ்.

பொன்ராஜை பஜாரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. வெளியே பலகையில் 'ஜாதகம், ஜெராக்ஸ், லேமினேஷன்' என்று எழுதியிருக்கும். ஜாதகத்தை முதலில் எழுதியிருப்பது சும்மா இல்லை. ஆர்த்தி பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு பழைய ப்ரோகிராம் அவரிடம் இருந்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் கணக்குப் போட்டுவிடும். கட்டங்கள் முன்பே அச்சிட்ட மஞ்சள் கரைத் தாளில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டே கிரகங்களை அதனதன் கட்டத்தில் இறக்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எஸ்டேட் ஆட்களுக்கு ஜாதகத்தின் மேல் நம்பிக்கை வரும். சத்தமில்லாமல் வழவழவென்று வரும் தாளை, "இது யார் வீட்டுக் கரண்டு பில்லு?" என்று கேட்பார்கள்.

போன மழைக்காலத்தில் பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. பொன்ராஜ் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் ஆர்த்தி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவள், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான அவர்கள் லயத்தில் முதல் பட்டதாரி. ஐந்து கம்பெனிகளில் இன்டர்வியூ முடித்து, ஐந்து பேரிடமும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பிரிண்டரை மாட்டும் அகலமான பேரலல் போர்ட்டே கிடையாது. தனி கார்டு வரவழைத்துச் சொருகினாள். பழைய ப்ரோகிராம் அனுப்புவதை வாங்கி எழுத்தெழுத்தாகப் பிரிண்டருக்குத் தள்ள, டிரைவர் என்ற குட்டி ப்ரோகிராம் ஒன்றைத் தானே எழுதினாள். மூன்றாம் நாள் பிரிண்டர் கத்தியது. பொன்ராஜ் தேங்காய் உடைத்தார்.

"சாமி கும்பிடுறதுக்குப் பதிலா எனக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடுங்க" என்றாள் ஆர்த்தி.

அந்தப் பிரிண்டரில்தான் அவளுடைய ஜாதகமும் அடித்தது. அடித்தவளும் அவள்தான்.

மாரீஸ்வரனோடு அவளுக்கு மூன்று வருஷப் பழக்கம். டூரிஸ்டுகளை எஸ்டேட் மலைகளுக்கு ஏற்றிப்போகும் ஜீப் அவனுடையது. பொறுமைசாலி. அவள் கத்தினால் கத்தி முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பான். அவன் அம்மா அழகுத்தாய் பக்கத்து டிவிஷனில் கொழுந்து எடுப்பவள். பெண் கேட்க அவளுக்குச் சம்மதம்தான், ஆனால் பொருத்தம் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டிலும் எழுதிவைத்த ஜாதகம் இல்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறந்த நேரம் மட்டும் இருந்தது. அதை வைத்து இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே கையால் ஆர்த்தி அடித்துக் கொடுத்தாள். அழகுத்தாய் கட்டம் போட்ட முதல் பக்கங்களை வாட்ஸ்அப்பில் போடிக்கு அனுப்பினாள். அங்கிருந்த ஜோசியர் ஒரே வரியில் பதில் போட்டார்: பெண்ணுக்கு அஷ்டமச் செவ்வாய், பையனுக்குச் சுத்த ஜாதகம், வேண்டாம்.

பதினொரு மணிக்கு ஜீப் கடை முன்னால் வந்து நின்றது.

"அம்மா சாப்பிட மாட்டேங்குது" என்றான் மாரீஸ்வரன்.

"எத்தன நாளா?"

"காலையிலருந்து."

"மணி பதினொண்ணுதான் ஆகுது."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான். "ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சு முடிச்சிருவமா?"

"ஓடிப்போறதுக்கு நான் என்னத்தத் திருடுனேன்? ஒங்கம்மா தன் வாயால வான்னு கூப்பிடணும். வாசல் வழியா நான் வரணும். இல்லன்னா வரல. நீ போய் ஜீப்ப ஓட்டு."

அவன் போய் ஜீப்பை ஓட்டினான். சொன்னதில் அவள் உறுதியாகத்தான் இருந்தாள். ஆனால் அழகுத்தாய் ஒருபோதும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது, லேமினேஷன் மெஷினுக்குள் தாளைக் கோணலாக விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு விடுமுறை. சாவி அவளிடம் இருந்தது. அப்படி என்னதான் அந்த எட்டு என்று பார்த்துவிடுவோம் என்று போய் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் அறுபத்து மூன்று ஜாதகம் அடித்திருக்கிறாள். ஒன்றையாவது படித்தாளா என்றால் இல்லை. படிக்க என்ன இருக்கிறது என்ற இளக்காரம். டிரைவர் எழுதி முடித்த அன்றுகூட எழுத்து கறுப்பாக விழுகிறதா, தாள் கிழியாமல் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சரி என்று எழுந்தவள்.

இப்போது விரல் வைத்து எண்ணினாள். துலாம் லக்னம். விருச்சிகம் ரெண்டு, தனுசு மூணு என்று சுற்றிவந்தால் எட்டாவது ரிஷபம். ரிஷபத்தில் 'செவ்' உட்கார்ந்திருந்தது. சரிதான். பக்கத்தைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்தில் ஒன்பது கிரகங்களும் வரிசையாக, பாகை கலையோடு இருந்தன. யாரும் அதைப் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் கட்டம்தான் வேண்டும். அதில் 'செவ்வாய், மிதுனம்' என்று இருந்தது.

மிதுனம் ஒன்பதாம் இடம். ஒன்பதில் செவ்வாய் இருந்தால் தோஷமே இல்லை.

கம்ப்யூட்டர் திரையில் அதே ஜாதகத்தைத் திறந்தாள். கட்டத்தில் செவ்வாய் மிதுனத்தில்தான் இருந்தது. கணக்கு சரி, திரை சரி, தாள் மட்டும் தப்பு. திரைக்கும் தாளுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அவள் எழுதிய டிரைவர்.

அவளுக்குக் காது சுட்டது.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர, பழைய ப்ரோகிராம் 'டேப்' என்ற ஒரு குறியை அனுப்பும். ஒரு டேப்புக்கு ஒரு கட்டம். ரிஷபம் காலியாக இருந்தால் அடுத்தடுத்து இரண்டு டேப் போக வேண்டும். அதில் ஒன்று வழியில் தொலைந்தால், மிதுனத்துக்குப் போக வேண்டிய செவ்வாய் ரிஷபத்தில் இறங்கிவிடும். ஒரு சோதனைத் தாள் போட்டாள். நூறு வரி, வரிக்கு மூன்று டேப், கடைசியில் ஒரு பெருக்கல் குறி. நூறு குறியும் சுவர்போல நேராக நிற்க வேண்டும். கோயில் திருவிழாக் கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் நின்றன.

பிரிண்டரில் 'பிஸி' என்று ஒரு கம்பி உண்டு. வேலையாக இருந்தால் அதில் மின்னழுத்தம் ஏறும், கை காலியானால் இறங்கும். அது இறங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆர்த்தியின் டிரைவர் அடுத்த குறியைத் தள்ளியது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் இந்தப் பிரிண்டருக்கு ஒரு குணம். டேப்பை வாங்கிக்கொண்டால், வாங்கிவிட்டேன் என்று கம்பியை ஏற்றக் கொஞ்சம் சோம்பும். கண்ணிமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத சோம்பல். அந்த இடுக்கில் டிரைவர் எட்டிப் பார்த்தால் கம்பி இன்னும் இறங்கியேதான் இருக்கும். சும்மாதானே இருக்கிறாய் என்று அடுத்த டேப்பையும் தலையில் போடும். பிரிண்டர் அதைக் கீழே விட்டுவிடும். எழுத்து என்றால் பிரச்சினை இல்லை. எழுத்தின் புள்ளி வடிவத்தைத் தேடி எடுக்க அவளுடைய டிரைவருக்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதற்குள் பிரிண்டர் சுதாரித்துக்கொள்ளும். டேப்புக்குத் தேட ஒன்றுமில்லை. பழைய கம்ப்யூட்டரோ எதற்குமே அவசரப்படாத ஜென்மம். இரண்டும் ஜோடியாக இருபது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டன.

முதலில், ஒவ்வொரு குறிக்கும் பின்னால் ஐம்பது மைக்ரோ செகண்ட் நின்று போ என்று டிரைவரிடம் சொன்னாள். நூறு குறியும் நேராக நின்றன. வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை காலை ஏழு மணி, கை விறைக்கும் குளிர், மறுபடி போட்டுப் பார்த்தால் நாலு குறி தள்ளி நின்றன. குளிரில் பிரிண்டருக்குச் சோம்பல் கூடிவிடுகிறது. அதற்கு இவ்வளவு நேரம்தான் என்று நாமாக ஊகித்துக் காத்திருப்பதே தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து திருத்தினாள். குறியைக் கொடுத்துவிட்டு, பிஸி ஏறுவதை முதலில் கண்ணால் பார். பிறகு இறங்கும்வரை நில். அதற்கப்புறம்தான் அடுத்தது. ஏறாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரம்பும் வைத்தாள். எட்டு மணிக்கும், மதியத்திலும், சாயங்காலம் பனி இறங்கிய பிறகும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் தள்ளவில்லை. அவளுக்கு அந்தப் பிரிண்டரின் மேல் மரியாதைகூட வந்தது. அது பொய் சொல்லவில்லை, பதில் சொல்லத்தான் நேரம் கேட்டது.

கடையில் ஒவ்வொரு ஜாதகத்துக்கும் கார்பன் நகல் இருக்கும். அறுபத்து மூன்றையும் திரையோடு ஒப்பிட்டாள். பதினேழில் ஏதோ ஒரு கிரகம் இடம் மாறியிருந்தது. பதினாறாவதாகத் தன்னுடையதை எடுத்து வைத்தாள். பதினேழாவது மாரீஸ்வரனுடையது.

கும்ப லக்னம். தாளில் செவ்வாய் துலாத்தில், ஒன்பதில். திரையில் கன்னியில்; கட்டத்தின் கீழ் வரிசையில் ராசிகள் வலமிருந்து இடமாக ஓடுவதால், தொலைந்த டேப் இங்கே செவ்வாயை ஒரு ராசி முன்னால் தள்ளியிருந்தது. எண்ணினாள். திரும்ப எண்ணினாள். எட்டு.

"அண்ணாச்சி, இங்க வாங்க" என்றாள்.

பொன்ராஜ் வந்து பார்த்தார், எண்ணினார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒன் எட்டு அவங்கிட்டப் போயிருச்சா?"

"எங்கயும் போகல. மொதல்லருந்து அவங்கிட்டத்தான் இருக்கு."

"ஏ பிள்ள, நான் சொல்லுதத கேளு. மத்த பதினஞ்சு பேருக்கும் நான் போன் போட்டு, பிரிண்டர் ரிப்பேர்னு சொல்லி, புதுசா குடுத்துருதேன். ஒன்னதயும் புதுசா அடி. கொண்டுபோய் அழகுத்தா மூஞ்சில காட்டு. அந்தப் பய ஜாதகத்த மட்டும் விட்டுரு. அது அப்படியே கெடக்கட்டும். ரெண்டும் சுத்த ஜாதகம், பத்துக்கு எட்டுப் பொருத்தம், ஆவணியில பந்தி. யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

ஆர்த்தி பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை என்பதால் பொன்ராஜுக்கு நம்பிக்கை வந்தது.

அவர் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. ஜாதகத்தை நம்பாதவளுக்கு ஒரு கட்டம் முன்னே இருந்தால் என்ன, பின்னே இருந்தால் என்ன? ஆனால் தாளில் இருப்பது அவளுக்கு ஜாதகமாகத் தெரியவில்லை. தன் டிரைவர் தப்பாக அடித்த தாளாகத்தான் தெரிந்தது. அதைத் தெரிந்தே ஒருவர் கையில் விட்டுவைக்க அவளால் முடியாது. தப்பு தனக்கு வசதியாக இருந்தால் இன்னும் முடியாது.

"பதினேழையும் அடிக்கிறேன்" என்றாள்.

"கெட்டுப் போ" என்றார் பொன்ராஜ், வருத்தமாக.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அழகுத்தாய் லயத்துக்குத் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போனாள். மாரீஸ்வரன் வாசலில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைத் தன் காலிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலில் தன்னுடையதைக் கொடுத்தாள். "பிரிண்டர்ல கோளாறு. கட்டம் மாறி விழுந்திருக்கு. ரெண்டாம் பக்கத்தப் பாருங்க, செவ்வாய் மிதுனம். ஒம்பதுல."

பிரிண்டர்ல கோளாறு என்று சொன்னபோது நாக்கு கொஞ்சம் இடறியது. அண்ணாச்சி எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அழகுத்தாய் தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன் பாத்துக்க. இவ்வளவு லச்சணமா இருக்க பிள்ளைக்கு எட்டுல எப்படி இருக்கும்னு. உள்ள வா தாயி, காப்பி போடுதேன்."

"இதையும் பாத்துட்டுப் போடுங்க" என்று அடுத்த தாளை நீட்டினாள் ஆர்த்தி.

அழகுத்தாய் அதை எண்ணி முடிக்க வெகுநேரம் பிடித்தது. கடைசியில், "இது யாருது?" என்றாள், பெயர் போட்டிருந்தும்.

"ஒங்க மகனது."

"இது செல்லாது."

"அது செல்லும்னா இதுவும் செல்லும் அத்தே."

அழகுத்தாய் குரலை இறக்கினாள். "அந்தப் பிரிண்டர ரெண்டு நிமிசம் பழையபடி மாத்தி, இவனுத மட்டும் முன்ன மாதிரியே எடுத்துத் தாயேன்."

"தப்பா அடிக்க மாட்டேன்."

"நல்லா வந்து வாச்ச" என்றாள் அழகுத்தாய். காப்பி வரவில்லை. மாரீஸ்வரன் குழாயை மூடிவிட்டு, "எனக்கு எட்டுல செவ்வாயாம்மா?" என்று கேட்டான்.

விஷயம் ஆர்த்தியின் அம்மா காதுக்கு எட்ட மறுநாள் காலைப் பெரட்டே போதுமாக இருந்தது. ஆள் கூப்பிட நிற்கும் வரிசையிலேயே அவளுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு வாரமாக எட்டு, எட்டு என்று கேட்டு வெந்தவள். சாயங்காலம் அழகுத்தாய் மகனைக் கூட்டிக்கொண்டு, பச்சைக் கரைச் சேலையில் பெண் கேட்டு வந்து வாசலில் நின்றபோது, அம்மா அடுப்படியிலிருந்து எழுந்திரிக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.

"எட்டுல செவ்வா இருக்க பையனுக்கு எம்பிள்ளையக் குடுக்கணுமோ?" என்றாள், ஒவ்வொரு சொல்லாக ருசித்து. "கட்டுனவ தேறுவாளா?"

ஆர்த்தி கதவோரம் நின்றாள். எதற்குப் பயந்தாளோ அது இப்போது தன் வீட்டுப் பக்கமிருந்தே வந்துவிட்டது.

"மதினி, அப்படிச் சொல்லாதீக" என்றாள் அழகுத்தாய். "கன்னி புதன் வீடு. புதன் வீட்டுல செவ்வாய்க்குப் பல்லு கெடையாது. அதுமில்லாம குரு பாக்காரு. குரு பாத்தா அடங்கிரும். அதுவும் வேண்டாம், இருவத்தெட்டு தாண்டுனா தோசமே கெடையாதாம், போடி ஜோசியரே சொல்லுதாரு. இவனுக்கு ஆடியில இருவத்தெட்டு முடியுது."

ஆர்த்தி அதற்குமேல் வாயை அடக்கவில்லை. "இத்தன விலக்கு இருக்கா? எனக்கு எட்டுன்னு சொன்னப்ப இதுல ஒண்ணக்கூட எடுத்து விடலையே?"

"ஒனக்காக யாரு வந்து கேட்டா?" என்றாள் அழகுத்தாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "பெத்தவ நான் இவனுக்காகக் கேட்டேன். ஒங்கம்மா வந்து கேட்டிருந்தா ஒனக்கும் சொல்லியிருப்பாரு. நீங்கதான் மூக்குல கோவத்த வச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ளயே இருந்தீக."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. அது உண்மையாகவும் இருந்தது. அதை மறைக்க வேறு ஆள் தேடினாள். "எல்லாம் அந்தப் பொன்ராஜால வந்தது. ஓட்டப் பிரிண்டர வச்சுக்கிட்டு ஊரக் கெடுக்கான்."

"ஆமா மதினி. அந்தாளு கடைய இழுத்துப் பூட்டணும். அந்த மிசின தூக்கி ஆத்துல போடணும்."

ஆர்த்தி சுவரைப் பார்த்தாள். பிறகு, "பிரிண்டர் நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சி மேலயும் தப்பில்ல" என்றாள். "நான் எழுதுனதுதான் தப்பு. அது பதில் சொல்றதுக்குள்ள அடுத்தத எடுத்துத் திணிக்கிற மாதிரி எழுதிட்டேன். எழுதி முடிச்சதும் கட்டத்தப் பாத்திருக்கணும். ஜாதகந்தானேன்னு பாக்கல."

மாரீஸ்வரன் தன் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தினான்.

"அப்ப எல்லாம் ஒன் வேலையா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"ஒன் எட்டையும் இவன் ஒம்பதையும் நீயேதான் அடிச்சியா?" என்றாள் அழகுத்தாய்.

"ஆமான்னு சொல்றேன்ல."

"ஒரு வாரமா நானும் மதினியும் தேயிலக்காட்டுப் பாதையில எதிர எதிர வந்தும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறோம்டி" என்றாள் அழகுத்தாய், அம்மாவின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து. "எனக்குக் கஞ்சி எறங்கல."

"எனக்குத் தூக்கம் உண்டுமா?" என்றாள் அம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "காலேஜ்ல சேத்தப்பவே இவ அப்பாகிட்ட சொன்னேன். வாயி வளருது, வேல ஓடலன்னு."

"வீட்டு வேலயாவது பாப்பாளா மதினி?"

"எங்க? சோறு பொங்கச் சொன்னா, அது வேகுறதுக்குள்ள தொறந்து தொறந்து பாப்பா."

"அவசரம்."

"அவசரமும் திமிரும்."

ஆர்த்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மாரீஸ்வரன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அவளுக்கு மூக்கு நுனிவரை கோபம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே குரலில் தன்னைத் திட்டுவதைப் பார்த்தபோது, இதை நிறுத்துவதுபோல முட்டாள்தனம் வேறில்லை என்று பட்டது. வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள். நாலு பேருக்கு வைத்தாள். அப்பா ஃபேக்டரியிலிருந்து வரும் நேரம் என்று இன்னும் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

திட்டு நெடுநேரம் நடந்தது. நடுவில் அது எப்போது பந்திக் கணக்காக மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை. காப்பியோடு வெளியே வந்தபோது, ஆவணி இரண்டாம் முகூர்த்தமா மூன்றாம் முகூர்த்தமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அழகுத்தாய் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று நாக்கில் நிறுத்திப் பார்த்தாள். பிறகு ஆர்த்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வா தாயி. ஆவணியில நம்ம வீட்டுக்கு வா" என்றாள்.

உடனே அம்மா பக்கம் திரும்பினாள். "கல்யாணப் பத்திரிகைய மட்டும் தேனியில குடுத்து அடிப்போம் மதினி. இவ கை படவே வேண்டாம்."